திருப்பூர் பின்னலாடை நிறுவனத்துக்கு எந்த ஈஆர்பி? முடிந்துபோன ஆர்டர் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி, ஆண்டுக்கு ஏறக்குறைய 40 கோடி ரூபாய் விற்பனை. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் உங்களிடம். நிட்டிங், சாயம், காம்பேக்டிங் (துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் வேலை), பிரிண்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குச் செய்து வாங்குவது. கணக்கு டேலியில் இருக்கிறது, மற்றதெல்லாம் எக்செல்லிலும் அப்பாவின் நோட்டிலும். ஈஆர்பிக்கு, அதாவது கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருளுக்கு, மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறீர்கள்: எஸ்ஏபி பிசினஸ் ஒன், ஓடூ, உள்ளூர் நிறுவனம் ஒன்றின் கார்மெண்ட் மென்பொருள். அப்பா டேலியே போதும் என்கிறார். எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்விக்கு நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: போன சீசனில் ஒரு ஆர்டரில் நேவி நிறத் துணி 40 கிலோ குறைந்தது, திரும்பச் சாயம் போட்டு வருவதற்குள் கப்பல் போய்விட்டது, மொத்தச் சரக்கையும் விமானத்தில் அனுப்பினீர்கள், எங்கே குறைந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. உங்களுடைய உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் முதலில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் பிளானிங் பார்த்தேன். அப்புறம் 17 வருடமாக இந்தத் தொழிலுக்கு ஈஆர்பி அமைத்துக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இந்த மூன்று வகையிலும் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது எதையும் விற்கவில்லை. நூற்பாலைக்கோ மருந்து கம்பெனிக்கோ ஆலோசனை கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவேன். நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டுவது வரைக்கும் பேச முடியும்.

ஈஆர்பி என்ற பெயர் 1990 வாக்கில் வந்தது. அதன் வேர், 1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருவான பொருள் திட்டமிடும் முறை. ஒரு இயந்திரத்துக்கு நான்கு சக்கரம், பதினாறு போல்ட் என்றால், நூறு இயந்திரத்துக்கு எத்தனை என்று பெருக்கிச் சொல்லும் கணக்கு அது. எண்ணிக்கையில் உள்ளே போவது எண்ணிக்கையில் வெளியே வரும். நம் தொழிலில் அப்படி இல்லை. கிலோவில் வாங்குகிறோம், பீஸில் விற்கிறோம். நடுவில் ஒவ்வொரு இடத்திலும் எடை மாறுகிறது. ஒரு உதாரணம் போட்டுப் பாருங்கள். 10,000 டி-ஷர்ட், பீஸுக்கு 200 கிராம் ஃபினிஷ்டு துணி என்றால் 2,000 கிலோ வேண்டும். சாயத்தில் 8 சதவீதம் பிராசஸ் லாஸ் என்று வைத்தால், சுமார் 2,174 கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி) போக வேண்டும். நிட்டிங்கில் 2 சதவீதம் போகும் என்றால் நூல் சுமார் 2,220 கிலோ. சாயத்தில் 8 என்று நினைத்தது 9 ஆகிவிட்டால், கிரே இன்னும் 24 கிலோ கூடுதலாகப் போயிருக்க வேண்டும். ஆர்டரில் ஐந்து நிறம் இருந்தால், இது ஐந்துக்கும் சமமாகப் பிரியாது. ஒவ்வொரு நிறத்துக்கும் லாஸ் வேறு, லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதி) வேறு. ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) கொஞ்சம் கூடி வந்துவிட்டால், எடை சரியாக இருந்தும் பீஸ் குறையும்.

அதோடு, துணி உங்கள் கேட்டுக்குள் இருப்பதைவிட வெளியே இருக்கும் நாட்கள்தான் அதிகம். நூல் நிட்டரிடம், கிரே சாயப்பட்டறையில், சாயம் போட்டது காம்பேக்டிங்கில், வெட்டிய பீஸ் பிரிண்டிங்கில். சில நேரம் அவசரத்துக்கு, வெளியே கூலிக்குத் தைத்துத் தரும் பவர் டேபிளுக்கும் போகும். பாதி லாட் திரும்பி வரும், மீதி அடுத்த வாரம் வரும். நிறம் ஒத்துவராமல் ஷேடு ரிஜெக்ட் ஆகி நாலு ரோல் மறுபடி போகும். ஒரு ஆர்டரின் துணியை இன்னொரு ஆர்டருக்குக் கடன் கொடுத்திருப்பீர்கள், அது அப்பாவின் தலையில் மட்டும் இருக்கும். உங்கள் 40 கிலோ இந்த வழியில் எங்கோ ஓரிடத்தில்தான் போயிருக்கிறது. ஆகவே எனக்கு முக்கியமான அளவுகோல் ஒன்றே: கேட்டுக்கு வெளியே இருக்கும் சரக்கை, ஆர்டர் வாரியாக, நிறம் வாரியாக, லாட் வாரியாக எந்த மென்பொருள் ஒழுங்காகக் காட்டுகிறது? ஸ்கிரீன் அழகு, மொபைல் ஆப், செயற்கை நுண்ணறிவு எல்லாம் அதற்குப் பிறகு.

அப்பா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். டேலியில் ஜாப் ஒர்க் ஆர்டர், மெட்டீரியல் இன், மெட்டீரியல் அவுட் வவுச்சர்கள் உண்டு. ஒவ்வொரு ஜாப் ஒர்க்கரையும் ஒரு குடோனாகப் போட்டு, லாட்டை பேட்ச்சாகப் போட்டுச் சிறிய யூனிட்டுகள் நன்றாகவே ஓட்டுகின்றன. நாலு ஆர்டர், இரண்டு பையர் என்றிருந்தால் நானும் டேலியே போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நிறம், சைஸ் இரண்டும் சேர்ந்த அட்டவணையும், ஆர்டர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற பார்வையும் அதன் வேலை கிடையாது. உங்கள் அளவில் அது தாங்காது. கணக்குக்கு மட்டும் டேலி அப்படியே இருக்கட்டும். அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்குப் பழகிய கை, ஆடிட்டருக்கும் பழகியது. எதை வாங்கினாலும் அதிலிருந்து பில் விவரம் டேலிக்குத் தானாகப் போனால் போதும்.

எஸ்ஏபி பிசினஸ் ஒன் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பெரிய கம்பெனிகள் ஓட்டும் எஸ்ஏபியின் சிறிய பதிப்பு என்று நினைக்கிறார்கள். டாப்மேனேஜ் என்ற இஸ்ரேலிய நிறுவனம் உருவாக்கியதை 2002-ல் எஸ்ஏபி வாங்கியது. அது தனிப் பொருள். கணக்கு, கொள்முதல், ஸ்டாக் எல்லாம் உறுதியாக இருக்கும். ஆனால் சைஸ்-நிற அட்டவணை, பிராசஸ் லாஸ் போன்றவை பெரும்பாலும் அதை விற்று அமைத்துத் தரும் பார்ட்னர் நிறுவனம் சேர்த்துத் தரும் கூடுதல் தொகுப்பில்தான் வரும். அதாவது நீங்கள் நம்பப்போவது எஸ்ஏபி என்ற பெயரை, தினமும் ஓட்டப்போவது பார்ட்னர் எழுதியதை. அந்தத் தொகுப்பு எத்தனை பின்னலாடை யூனிட்டில் ஓடுகிறது என்று கேளுங்கள். நெசவுத்துணிச் சட்டை தைக்கும் கம்பெனியைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவர்கள் துணியை மீட்டரில் வாங்குகிறார்கள், அது வேறு உலகம்.

ஓடூ பெல்ஜியத்திலிருந்து வருவது. 2005-ல் டைனிஇஆர்பி என்று தொடங்கி, பிறகு ஓப்பன்இஆர்பி ஆகி, 2014-ல் இந்தப் பெயருக்கு வந்தது. கம்யூனிட்டி பதிப்பு இலவசம், முழுக் கணக்கு வசதி கட்டணப் பதிப்பில். ஒரே ஸ்டைலுக்கு நிறம், சைஸ் என்று வகை பிரிப்பது அதில் இயல்பாகவே உண்டு. எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம் என்பது அதன் பெரிய பலம். கவலையும் அதேதான். ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு வரும், கடைசி மூன்று பதிப்புகளுக்குத்தான் ஆதரவு. உங்களுக்காக நாற்பது இடத்தில் நிரல் எழுதி வளைத்திருந்தால், பதிப்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த நாற்பதையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். அந்தச் செலவு கொட்டேஷனில் இருக்காது. மும்பையின் இஆர்பிநெக்ஸ்டும் திறந்த மூல மென்பொருள்தான், இதே பேச்சு பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

உள்ளூர் கார்மெண்ட் மென்பொருளுக்கு டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) என்றால் என்ன, லாட் என்றால் என்ன, பவர் டேபிள் என்றால் என்ன என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் நிலையில் என் சாய்வு இதன் பக்கம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஆபத்து எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பல நிறுவனங்கள் பத்து, பதினைந்து பேர் கொண்டவை. எழுதியவர் ஒருவர் விலகினால் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: டேட்டா உங்களுடையது, கேட்கும்போது முழுவதையும் எக்செல்லில் திறக்கக்கூடிய வடிவில் தர வேண்டும், நிறுவனத்தை மூடினால் மென்பொருளின் மூல நிரல் உங்களுக்கு வர வேண்டும். கடைசி நிபந்தனைக்குத் தயங்குவார்கள். முதல் இரண்டுக்கே தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது என் அனுபவத்தில் மனதை விட்டுப் போகாத ஒன்று. பல வருடம் முன்பு ஒரு யூனிட்டில் வெளிநாட்டு மென்பொருள் ஒன்றை அமைத்தோம். சாயத்துக்கு 500 கிலோ அனுப்பினால் 500 வந்தால்தான் அந்த டிசி மூடும். குறைவாக வந்தால் வித்தியாசத்துக்குத் தனியாக ஒரு பதிவு போட்டு, மேனேஜர் ஒப்புதல் தர வேண்டும். மீட்டிங் ரூமில் அது நல்ல கட்டுப்பாடாகத் தெரிந்தது, நானும் சரி என்றேன். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு டாடா ஏஸ் வண்டி கேட்டில் நிற்கும்போது, ஸ்டோர்காரர் ஒப்புதலுக்குக் காத்திருக்க முடியுமா? வந்தது 462 என்றாலும் 500 என்றே அடித்து மூடிவிட்டார். ஆறு மாதத்தில் சிஸ்டத்தில் இருந்த துணியில் நான்கு டன் தரையில் இல்லை. அந்த மனிதர் மேல் பழி விழுந்தது. தவறு அவருடையது இல்லை. அந்த ஸ்கிரீனுக்குச் சரி சொன்ன எங்களுடையது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், உங்களையும் அதையே செய்யச் சொல்கிறேன். டெமோ பார்த்து முடிவெடுக்காதீர்கள். டெமோவில் அவர்கள் தயாராக வைத்திருக்கும் ஆர்டர் எப்போதும் சரியாகவே முடியும். உங்களிடம் முடிந்துபோன, சிக்கலாகிப்போன ஒரு ஆர்டரின் ஃபைலை எடுங்கள். அந்த நேவி ஆர்டரே போதும். பையரின் பி.ஓ (ஆர்டர் கடிதம்), நூல் பில், எல்லா டிசியும், சாயப்பட்டறை பில், கட்டிங் ரிப்போர்ட், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் மூன்று பேரிடமும் கொடுத்து, அவர்கள் மென்பொருளில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஓட்டச் சொல்லுங்கள். அடிப்பது அவர்கள் ஆளாக இருக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்லித் தரட்டும், உங்கள் ஸ்டோர்காரரும், ஆர்டரைத் தொடர்ந்து பார்க்கும் மெர்ச்சண்டைசரும் அடிக்கட்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் கொடுங்கள். இலவசமாக வர மாட்டேன் என்றால் அந்த இரண்டு நாளுக்குக் காசு கொடுத்துவிடுங்கள், வீண் போகாது.

அப்போது கவனிக்க வேண்டியவை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு டிசி போட எத்தனை நிமிடம் ஆகிறது? இரண்டு, மூன்று நிமிடத்தைத் தாண்டினால் கேட்டில் அதை யாரும் ஒழுங்காகப் போட மாட்டார்கள். பாதி லாட் திரும்பும்போது மீதி யாரிடம் என்று காட்டுகிறதா? ஷேடு ரிஜெக்ட் ஆன ரோல் அதே லாட்டின் பெயரில் திரும்பப் போகிறதா, புது வரவு மாதிரி ஆகிவிடுகிறதா? ஒரு ஆர்டரிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்த துணி இரண்டு பக்கமும் தெரிகிறதா? கடைசியில் அந்த 40 கிலோ எங்கே போனது என்று அந்த ரிப்போர்ட்டிலிருந்து சொல்ல முடிகிறதா? எந்த மென்பொருளில் உங்கள் ஸ்டோர்காரர் இரண்டாம் நாள் யாரையும் கேட்காமல் அடிக்கிறாரோ, அதுதான் உங்களுடையது. அது எஸ்ஏபியாக இருந்தால் எஸ்ஏபியையே வாங்குங்கள், என் சாய்வைப் பொருட்படுத்த வேண்டாம்.

சட்டப்படி தேவைப்படுபவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லை, மூவரிடமும் கறாராகக் கேட்கலாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்கு ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்வது) கட்டாயம், ஏற்றுமதி பில்லுக்கும் உண்டு. 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிவேற்ற வேண்டும். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகிவிடும். ஜாப் ஒர்க்குக்குப் போய் வந்த சரக்கைக் காட்டும் ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவம் உங்கள் விற்பனைக்கு அரையாண்டுக்கு ஒருமுறை. டிசி கணக்கு ஒழுங்காக இருந்தால் அது தானாகவே வந்துவிடும். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தராவிட்டால், கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இருக்கிறது. உங்கள் ஜாப் ஒர்க்கர்களில் பலர் அந்த வகையில் வருவார்கள், ஆகவே பார்ட்டி வாரியாக நாள் எண்ணிக் காட்ட வேண்டும். நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்றால், திருத்தியதை அழிக்க முடியாத பதிவு கணக்கு மென்பொருளில் 2023 ஏப்ரல் முதல் கட்டாயம். பங்குதாரர் நிறுவனத்துக்கு அந்த விதி இல்லை.

ஸ்டாக் இவ்வளவு சதவீதம் குறையும், லாபம் இவ்வளவு கூடும் என்று கொட்டேஷனோடு ஒரு தாள் வந்திருக்குமே, அதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். பொய் என்று சொல்லவில்லை. உங்கள் யூனிட்டில் இப்போது எவ்வளவு வீணாகிறது என்று உங்களுக்கே தெரியாதபோது, எவ்வளவு குறையும் என்று வெளியாள் சொல்ல முடியாது. கிளவுடா, சொந்த சர்வரா என்பதிலும் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நான் கிளவுட் பக்கம். காரணம், பேக்கப் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு எடுக்காமல் விட்ட யூனிட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

மென்பொருளை வளைப்பதா, நம் பழக்கத்தை மாற்றுவதா என்ற கேள்வி கட்டாயம் வரும். ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் 2011-ல் தொடங்கிய எஸ்ஏபி திட்டத்தை, சுமார் 50 கோடி யூரோ செலவழித்த பிறகு 2018-ல் கைவிட்டது. அவர்கள் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடுவார்கள், அந்த மென்பொருள் விற்பனை விலையில் மதிப்பிடும். பழக்கத்தை மாற்றாமல் மென்பொருளை வளைத்துக்கொண்டே போனது தோல்விக்கு ஒரு பெரிய காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. என் வழி இது: கேட்டில் நடப்பதற்கும் துணிக் கணக்குக்கும் மென்பொருள் உங்களுக்கு வளைய வேண்டும், ஏனென்றால் அதுதான் தொழில். பில் எப்படி அச்சாக வேண்டும், ரிப்போர்ட்டில் எந்த நெடுவரிசை முதலில் வர வேண்டும், அப்பாவின் நோட்டு மாதிரியே தெரிய வேண்டும் என்பதற்கெல்லாம் நீங்கள் வளையுங்கள்.

செலவை ஐந்து வருடத்துக்குச் சேர்த்துப் போடுங்கள். உரிமம், அமைத்துத் தரும் கூலி, டேட்டா ஏற்றும் வேலை, ஆண்டுப் பராமரிப்பு, கேட்டில் வைக்க வேண்டிய கம்ப்யூட்டரும் எடைமேடை இணைப்பும், புதிதாக ஒரு ஆள் சம்பளம், எல்லாம். பெரிய மென்பொருள்களில் ஆண்டுப் பராமரிப்பு மட்டுமே உரிமத் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் வருவது வழக்கம். வருபவர் யார் என்பதையும் பெயரோடு கேளுங்கள். விற்க வந்தவர் வேறு, அமைக்க வருபவர் வேறு. உங்கள் யூனிட்டுக்கு வரப்போகும் ஆள் இதற்கு முன் ஒரு பின்னலாடை யூனிட்டையாவது முழுதாக முடித்திருக்க வேண்டும்.

தொடங்கும் நாளை அவசரத்தில் வைக்காதீர்கள். 1999-ல் அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் சுமார் 11 கோடி டாலரில் புதிய மென்பொருள்களை ஒரே நேரத்தில் மாற்றியது. ஏப்ரலில் தொடங்க வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போய், ஹாலோவீன் சீசனோடு மோதியது. கிடங்கில் மிட்டாய் இருந்தும் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியவில்லை. ஏப்ரல் 1 கணக்குக்குச் சௌகரியமான நாள் என்பதால் எல்லோரும் அன்றே வேண்டும் என்பார்கள். துணிக் கணக்கு ஏப்ரலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஷிப்மெண்ட் குவியும் மாதங்களையும், ஆட்கள் ஊருக்குப் போகும் தீபாவளி, பொங்கலையும் விட்டுவிட்டு, புதிதாக வரும் ஆர்டர்களை மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்கள் பழைய வழியிலேயே முடியட்டும்.

இன்னும் ஒன்று, இதை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்யாது. உங்கள் எக்செல்லைத் திறந்து 30ஆம் நம்பர் கோம்ப்டு நூலுக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு யூனிட்டில் பதினொன்று இருந்தது. ஸ்டோர்காரர் ஒரு மாதிரி, மெர்ச்சண்டைசர் ஒரு மாதிரி, அக்கவுண்ட்ஸில் இன்னொரு மாதிரி. நிறங்களும் அப்படியே. நேவி, டார்க் நேவி, பையர் சொல்லும் குறியீடு என்று ஒரே நிறம் மூன்றாக இருக்கும். உங்கள் 40 கிலோவில் ஒரு பகுதி இப்படிப் பெயர் மாறி இன்னொரு ஆர்டரில் உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். நூல், துணி, நிறம், ஜாப் ஒர்க்கர் ஆகிய நான்குக்கும் ஒரே பெயர்ப்பட்டியல் போடுங்கள். புதுப் பெயர் சேர்க்கும் உரிமை ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். அந்த ஆள் நீங்களாக இருந்தால் நல்லது, இரண்டு மாதம் ஆகும். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், எந்த ஆர்டர் துணி எந்த ஆர்டருக்குப் போனது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கொட்டேஷன் கொடுத்த மூவருக்கும் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். மாதக் கடைசித் தள்ளுபடி என்று அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை, அந்தத் தள்ளுபடி அடுத்த மாதமும் கிடைக்கும்.